அந்தப் பையனை எப்படி எடைபோடப் போகிறோம்?

செஞ்சி வட்டார கிரிக்கெட் அணித் தலைவர்களுக்கும், போட்டி நடத்தும் அண்ணன்மார்களுக்கும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



பொங்கல் டோர்னமென்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அந்தப் பையன் யாருக்கு ஆடப்போகிறான் என்ற பேச்சு டீக்கடைகளில் தொடங்கிவிட்டது. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. வயது 17, பிளஸ் டூ படிக்கிறான். இப்போதே அவன் பெயர் அச்சில் ஏற வேண்டாம். யாரைச் சொல்கிறேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பந்து போட்டிருக்கிறான். மீதிப் பாதிப் பேரின் ஸ்டம்பைச் சாய்த்திருக்கிறான்.

“அண்ணா, நூத்தி நாப்பது போடறான், மெட்ராஸ் அனுப்பிடலாமா?” என்று உங்களில் ஒருவர் ஸ்கோர் மேசைக்கு வந்து கேட்டார். வேறொருவர், “அதெல்லாம் டென்னிஸ் பால் ஸ்பீடுணா, கார்க்ல செல்லாது” என்றார். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். நம் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில், இதற்குப் பதிலை ஒருவரிடம் சொல்லிவிட்டு நகராமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் பையனைச் சரியாக எடைபோடும் வாய்ப்பு நம்மிடம்தான் இருக்கிறது. சென்னையிலோ விழுப்புரத்திலோ அவனை ஒரு மாலைப் பொழுது பார்க்கப்போகிற தேர்வாளருக்கு அது கிடையாது.

முதலில் அந்த 140-ஐப் பார்ப்போம். அது செல்போனில் எடுத்த வீடியோவிலிருந்து வந்த எண். சாதாரண செல்போன் நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. பந்து கையை விட்டுப் பேட்ஸ்மேனை அடைய ஏறக்குறைய 17.5 மீட்டர். 140 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிக்கும் சற்றுக் குறைவு. அதாவது 13 அல்லது 14 படங்கள். 13 என்று எண்ணினால் வேகம் 145 வரும். 14 என்று எண்ணினால் 135. பந்து கையை விட்டது எந்தப் படத்தில் என்று இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்தால் போதும், 10 கிலோமீட்டர் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். தவிர, இது வழி முழுவதற்குமான சராசரி வேகம். தொலைக்காட்சியில் காட்டுவது கையை விட்ட நொடியின் வேகம். டென்னிஸ் பந்து எடை குறைந்தது, காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆகவே நம் வீடியோ எண்ணை பும்ராவின் எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 படம் எடுக்கும் போனை கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் வைத்து எடுத்தால் ஓரளவு நம்பலாம். அதைக்கூட ஒரு பந்தை வைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அவனிடம் வேகம் இருக்கிறது. அதற்கு எனக்குப் போன் வேண்டாம். வழக்கமாக ஸ்டம்புக்குப் பின்னால் நாலடி தள்ளி நிற்கும் நம் கீப்பர்கள், அவன் ரன்-அப்பை அளக்கும்போதே பின்னால் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சுற்று வட்டாரத்தில் பெயரெடுத்த ஓப்பனர்கள் பேட்டைத் தூக்கி முடிப்பதற்குள் பந்து பேடில் இருக்கிறது. லைன், லெங்த், ஸ்லோ பால் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கலாம். இப்படிப்பட்ட கை வேகத்தைச் சொல்லிக்கொடுத்து வரவைத்தவர்கள் மிகக் குறைவு. இந்த ஊருக்கு இப்படி ஒரு பிள்ளை வாய்த்ததில் உங்களைப் போலவே எனக்கும் நெஞ்சு நிறைகிறது. அதனால்தான் கவலையும் கூடுகிறது.

வேகத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு கிரிக்கெட்டுக்கு வெளியே ஒருவர் கதையைச் சொல்கிறேன். அமெரிக்க பேஸ்பாலில் பெரிய அணி ஒவ்வொன்றும் தன் கீழே பல படிகளில் சிறு அணிகளை வைத்திருக்கிறது. மைனர் லீக் என்பார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளை அங்கே வருடக்கணக்கில் ஆடவைத்து, பார்த்து, படி ஏற்றுவார்கள். 1957-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி அப்படிச் சேர்த்த ஓர் இடக்கைப் பையன் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. அவரைவிட வேகமாக எறிந்தவரைப் பார்த்ததில்லை என்று சொன்ன பழைய ஆட்டக்காரர்கள் பலர் உண்டு. முதல் வருடத்தில் 62 இன்னிங்ஸ் வீசி 121 பேரை ஸ்டிரைக்-அவுட் ஆக்கினார். அதே 62 இன்னிங்ஸில் 129 பேருக்கு, நாம் வைடு கொடுப்பதுபோல, இலவசமாக இடம் கொடுத்தார். 1960-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸ்; 262 ஸ்டிரைக்-அவுட், சரியாக 262 இலவச இடம். ராணுவத் தளத்துக்கு அழைத்துப்போய்க் கருவி வைத்து வேகத்தை அளந்தார்கள். அந்தக் கருவிக்கு நேராகப் பந்தை எறியவே அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

1962-இல் டால்கோவ்ஸ்கி ஆடிய எல்மைரா என்ற ஊரின் அணிக்கு ஏர்ல் வீவர் மேலாளராக வந்தார். பின்னாளில் பெரிய பெயரெடுத்தவர். அவர் டால்கோவ்ஸ்கியிடம் வேகத்தைக் கூட்டச் சொல்லவில்லை. முழு பலத்தையும் போடாமல் பந்தை இலக்குக்குள் போடச் சொன்னார். அந்த வருடம் 160 இன்னிங்ஸில் 192 ஸ்டிரைக்-அவுட், இலவச இடம் 114 ஆக இறங்கியது. அடுத்த வருடம், 1963 வசந்தகாலப் பயிற்சியில் பெரிய அணியில் இடம் உறுதி என்று இருந்த நேரத்தில் முழங்கை போனது. அந்த வேகம் திரும்பவே இல்லை. பெரிய லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல் 1965-இல் ஆட்டம் முடிந்தது. ஐந்து வருடம் எல்லோரும் அவர் வேகத்தைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பேசி, அவருக்கு என்ன வரும், என்ன வராது என்று பார்த்தவர் வந்தபோது கைக்கு ஒரு வருடம்தான் மிச்சம் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் பையனின் வைடு கணக்குதான் கண் முன்னால் வருகிறது.

அந்த நாட்டுத் தேர்வாளர்கள் இன்றும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திறமைக்கும் 20-லிருந்து 80 வரை மதிப்பெண். 50 என்றால் பெரிய லீக்கில் ஆடுபவர்களின் சராசரி. வேகத்துக்கு ஒன்று, வளைவுப் பந்துக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் போடுவார்கள்: இன்று எங்கே இருக்கிறான், வளர்ந்தால் எங்கே வருவான். வேகத்துக்கு 70 போட்ட அதே தாளில் கட்டுப்பாட்டுக்கு 30 போட அவர்கள் தயங்குவதில்லை. அந்த 30-ஐப் பார்த்துப் பையனைக் கழித்துக்கட்டுவதும் இல்லை. இரண்டாவது எண்ணுக்கு அவனைக் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பார்கள். நமக்கு 20, 80 எல்லாம் வேண்டாம். ஆனால் “சூப்பர்”, “வேஸ்ட்” என்ற நம் இரண்டே தீர்ப்புகளை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

என் ஸ்கோர் நோட்டில் கொஞ்ச காலமாக அவன் போடும் ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி வைக்கிறேன். யார்க்கரா, குட் லெங்த்தா, ஷார்ட்டா, ஃபுல்டாஸா. எந்தப் பக்கம் போனது. அதைப் புரட்டினால் தெரிவது இதுதான். முதல் ஓவரில் அவன் கை சொன்னபடி கேட்கிறது. ஒரு சிக்ஸ் வாங்கிவிட்டால் அடுத்த பந்தை இன்னும் வேகமாகப் போடப் பார்க்கிறான்; அப்போது தலை இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது, பந்து லெக் பக்கம் வைடாகப் போகிறது. வைடு போனால் ரன்-அப்பில் இரண்டு எட்டு குறைத்துக்கொள்கிறான். அதில் கிரீஸைத் தாண்டி நோ பால் விழுகிறது. அதாவது அவன் பிரச்சினை கையில் இல்லை; ஓடிவரும் அளவில் இருக்கிறது. இது சரிசெய்யக்கூடிய குறை. கோபமில்லாத ஒரு பெரியவர், ஒரு அளவு நாடா, ஒரு டப்பா சுண்ணாம்பு போதும். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் தையலுக்கு இருபுறமும் நேராக நிற்பதையும் கவனித்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்திருக்கிறது. அதற்கு “வளர்ந்தால் எங்கே வருவான்” என்ற பத்தியில் நல்ல மதிப்பெண் போடுவேன்.

இதையெல்லாம் தேர்வு முகாமில் யார் பார்ப்பார்கள்? அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒருவனுக்கு ஆறு பந்து, அதிகம் போனால் பன்னிரண்டு. முகாமில் உட்கார்ந்திருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நேரம் அவ்வளவுதான். அந்த ஆறு பந்தில் வேகம் மட்டும் தெரியும். சிக்ஸ் வாங்கிய பிறகு என்ன செய்கிறான், நாலாவது ஆட்டத்தில் கால் எப்படி விழுகிறது, மழைத் தூறலில் பந்து வழுக்கும்போது என்ன யோசிக்கிறான் என்பதெல்லாம் வாராவாரம் அவனோடு நிற்கும் உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதி அவன் கையில் கொடுத்தனுப்பினால் முகாமில் இருப்பவருக்கும் அது உதவி.

அடுத்தது அவன் ஆக்‌ஷன். இதில் நாம் மௌனமாக இருக்கிறோம், இது சரியில்லை. அவன் வேகமாகப் போடும் ஷார்ட் பந்து சிலவற்றில் முழங்கை மடங்கி நிமிர்வதுபோல் தோன்றுகிறது. பந்தை எறிகிறான் என்று எதிரணி “மாங்கா, மாங்கா” எனக் கத்துகிறது. நம் அம்பயர்கள் சண்டை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை, வெறுங்கண்ணால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐசிசி 2005-லிருந்து வைத்திருக்கும் எல்லை 15 டிகிரி. பந்தை விடும்போது முழங்கை அதற்கு மேல் நிமிரக் கூடாது. அதை அளக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் நம் சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திராவில் இருக்கிறது. இப்போதே அங்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் இப்போதே பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்து, விவரம் தெரிந்த ஒரு பயிற்சியாளருக்குக் காட்ட வேண்டும். பதினேழு வயதில் திருத்துவது எளிது.

எளிதில்லாத வயதில் திருத்திக்கொண்டவர் கதை உங்களுக்குத் தெரியும். தெரிந்த கதையில் நாம் பேசாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றிப் பேசினால், நெசவுக்கூலி அப்பா, ரோட்டோரம் சிக்கன் கடை போட்ட அம்மா, டென்னிஸ் பந்து, அப்புறம் நேராக ஆஸ்திரேலியா என்று முடித்துவிடுகிறோம். நடுவில் பத்து வருடம் இருக்கிறது. உள்ளூர் ஆட்டத்தில் அவரைக் கவனித்த ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அழைத்துப்போனார். நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கினார். அங்கிருந்து படிப்படியாக முதல் டிவிஷன். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆட்டம். அப்பாடா என்று உட்காரும் நேரத்தில் அவர் ஆக்‌ஷன் சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. 24 வயதை நெருங்கும் ஒருவர், கைக்குப் பழகிய ஒரே வித்தையைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து கற்க வேண்டும். சுனில் சுப்ரமணியம் உள்ளிட்ட பயிற்சியாளர்கள் கூட நின்றார்கள். 2016-இல் டிஎன்பிஎல்லில் திரும்ப வந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு பருவம் வெளியே உட்கார்ந்திருந்தார். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு ஆடும்போது வயது 29. அடுத்த மாதம் பிரிஸ்பேனில் டெஸ்ட். மூன்று மாதம் கழித்து முழங்காலில் அறுவை சிகிச்சை.

அவரை எடைபோட்ட ஜெயப்பிரகாஷ் முதல் நாளே இந்தியாவுக்கு ஆடுவான் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அடுத்த படிக்கு ஏறுவானா என்று பார்த்து, ஏற்றிவிட்டு, விழுந்தபோதும் கூடவே இருந்திருக்கிறார். நடராஜன் தன் சட்டை முதுகில் “ஜேபி நட்டு” என்று போட்டுக்கொண்டது அதற்காகத்தான். செஞ்சியில் நமக்கு ஒரு நடராஜன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒரு ஜெயப்பிரகாஷாக இருப்பது நம் கையில் இருக்கிறது.

நடராஜனின் யார்க்கர் டென்னிஸ் பந்தில் பழகியது என்பதால் நம் பையனும் அப்படியே போய்விடுவான் என்று நினைக்க வேண்டாம். டென்னிஸ் பந்து 58 கிராம் அளவு. கிரிக்கெட் பந்து 156-லிருந்து 163 கிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதே கை வேகம் கனமான பந்தில் அப்படியே வராது. தோள் புதிய பாரத்தைத் தாங்கப் பழக வேண்டும். லெங்த்தும் மாறும். டென்னிஸ் பந்தில் விக்கெட் எடுக்கும் ஷார்ட் பந்து, லெதரில் புல் ஷாட்டுக்குத் தோதாக உட்காரும். ஆகவே “கார்க்ல செல்லாது” என்பவர் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் பார்க்காமலே முடிவு சொல்கிறார். வாரத்துக்கு இரண்டு மாலை லெதர் பந்தில், மேட் விரித்து, மெதுவாகத் தொடங்கி மூன்று மாதம் போடவிட்டுப் பார்க்க வேண்டும். எடுத்தவுடன் முழு வேகம் கேட்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து வேகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டிய எண்.

இனி அவன் முதுகு. இந்த மடலை எழுத வைத்ததே அதுதான். போன மாதம் ஒரு ஆட்டம் முடிந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். இடது ஷூவில் பெருவிரல் இருக்கும் இடம் ஓட்டையாகி, அதில் சைக்கிள் டியூப் துண்டை உள்ளே வைத்து ஒட்டியிருந்தான். காய்ந்த செம்மண் தரையில் முன்கால் அறைந்து இறங்கும் இடம் அது. வேகப்பந்து போடுபவனின் முன்கால் தரையில் விழும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை காலில் ஏறி இடுப்புக்குப் போகிறது. அதே கணத்தில் இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று முதுகு முறுக்கிக்கொண்டால், கீழ் முதுகெலும்பின் மெல்லிய பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விழும். வலக்கைக்காரனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வரும். அவன் எழுந்து நிற்கும்போது இடது இடுப்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டான். “என்னடா?” என்றேன். “ஒண்ணுமில்லணா, பிடிப்பு” என்றான்.

அது பிடிப்பாகவே இருக்கட்டும். ஆனால் டென்னிஸ் லில்லியின் முதுகு 1973-இல் இப்படித்தான் உடைந்தது. ஆக்‌ஷனை மாற்றி, உடம்பைக் கட்டி, அடுத்த வருடக் கடைசியில்தான் திரும்பினார். அதே லில்லிதான் 1987-இல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது வந்து, ஸ்ரீநாத் முதல் ஜாகீர் வரை ஒரு தலைமுறைக்கே உடம்பைக் காத்துக்கொண்டு வீசும் வழியைக் காட்டியவர். அங்கே பழகியும் வருண் ஆரோனுக்கு முதுகு மறுபடி மறுபடி போனது. பும்ராவுக்கு 2019-இல் விரிசல், 2022-இல் திரும்ப வலி, 2023-இல் அறுவை சிகிச்சை. உலகின் நல்ல மருத்துவர்கள் சூழ்ந்திருக்கும் ஆளுக்கே இந்தக் கதி என்றால், டியூப் ஒட்டிய ஷூவில் ஓடும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பின்னால் வளைந்தால் வலிக்கிறதா, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் பந்து அன்றோடு நிற்க வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். தொடக்கநிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைலம் தேய்த்து அடுத்த ஓவருக்கு அனுப்புவது பச்சைத் துரோகம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நெல் வரத்து அதிகம் இருக்கும் நாள்களில் அவன் கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்) மூட்டை தூக்குகிறான். வீட்டு நிலைமை அப்படி. அந்த வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் சனிக்கிழமை மூட்டை சுமந்த முதுகுதான் ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பந்து போடுகிறது. அவன் உழைப்பைக் கணக்கிடும்போது ஓவரை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்கு விட்டுப்போகும். இன்னொன்று: அவனுக்கு உடம்பு ஏறட்டும் என்று ஒரு அணி தினமும் ராஜகிரிக் கோட்டைப் படியில் ஓடவிடுகிறது. ஏறட்டும், தொடையும் மூச்சும் வலுக்கும். இறங்கும்போது ஓடவிடாதீர்கள். அந்தக் கல்படிகளில் ஒவ்வொரு குதிப்பும் பந்து போடும்போது விழும் அதே முழங்காலில், அதே இடுப்பில் விழுகிறது.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நெடுங்காலமாக எல்லை வைத்திருக்கிறது. 13 வயது வரை ஒரு மூச்சில் 5 ஓவர், நாளைக்கு 10. 14, 15 வயதுக்கு 6-ம் 12-ம். அதற்கு மேல் 19 வயது வரை 7-ம் 18-ம். வாரத்தில் நான்கு நாள்களுக்கு மேல் கூடாது, தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் கூடாது. அமெரிக்க பேஸ்பாலில் 2014-லிருந்து இருக்கும் வழிகாட்டுதல்படி 17, 18 வயதினருக்கு நாளைக்கு 105 பந்துதான் உச்சம். 80-ஐத் தாண்டிவிட்டால் அதன் பிறகு நான்கு நாள் ஓய்வு. இதைப் படித்துவிட்டு, “நம்ம பையன் ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு ஓவர்தானே, நாலு ஆட்டம்னா எட்டு ஓவர், பதினெட்டு எங்கே எட்டு எங்கே” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த எட்டு ஓவரில் ஒவ்வொரு பந்தும் முழு வேகம். நம் ஆட்டத்தில் அடக்கிப் போடும் ஓவரே கிடையாது. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உடம்பு இறுகிய பிறகு, நாலு பந்து சுழற்றிவிட்டு மறுபடி முழு வேகம். காலையில் ஒரு அணிக்கு, மதியம் வேறு ஊரில் வேறு அணிக்கு கெஸ்ட் பிளேயர். ஒவ்வொரு அணிக்கும் தன் இரண்டு ஓவர்தான் தெரியும். மொத்தம் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது, எண்ணுகிற வயதில்லை. கூப்பிட்டால் வருவான், ஷூ வாங்கப் பணம் வேண்டும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறில் பெரிதாகத் தெரிபவன் பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்தவன். கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோருக்குக் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பது சும்மா இல்லை. நம் பையனுக்கு இப்போதுதான் மீசை அரும்புகிறது, மணிக்கட்டு இன்னும் மெலிவு. அவன் வளர்ச்சி முடியவில்லை. வேகம் இன்னும் கூட இடம் இருக்கிறது என்பது நல்ல செய்தி. எலும்பு இன்னும் முற்றவில்லை என்பதும் அதே செய்திதான். பிறந்த தேதியில் யாராவது கை வைக்கலாம் என்று யோசனை சொன்னால், அந்த ஆளை அவன் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

வேகம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் நிறைய. உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் பையன் ரிங்கு சிங், பேஸ்பாலைத் தொட்டே இராதவர், 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் எறிந்து ஜெயித்தார். அதே வருடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரையும் தினேஷ் பட்டேலையும் சேர்த்துக்கொண்டது. தினேஷ் இரண்டு வருடத்தில் திரும்பினார். ரிங்கு மைனர் லீக்கில் சில படி ஏறினார், பிறகு கைக்காயங்களில் பருவங்கள் போயின. பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார். உம்ரான் மாலிக் 2022 ஐபிஎல்லில் 157 தொட்டார், இந்தியாவுக்கு ஆடினார், அடுத்த வருடமே அணியில் இடமில்லை. மயங்க் யாதவ் 2024-இல் 156.7, சில ஆட்டங்களிலேயே விலாவில் காயம், பிறகு முதுகு. இவர்கள் யாரும் தோற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேகத்தைக் கண்டுபிடித்த கையோடு நம் வேலை முடிந்ததாக நினைத்தால் மிச்சம் எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பொங்கல் போட்டியில் அவன் ஒரே அணிக்கு ஆடட்டும். எந்த அணி என்பதை அவனும் அவன் அம்மாவும் முடிவு செய்யட்டும். எந்த அணியாக இருந்தாலும் நாளைக்கு நான்கு ஓவருக்கு மேல் கேட்காதீர்கள். இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. இது எந்தப் புத்தகத்து எண்ணும் இல்லை, அவன் முதுகைப் பார்த்து நான் வைக்கும் எண். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அந்த நான்கும். தலைவர்கள் யாராவது “அவன் இல்லாமல் எப்படி ஜெயிப்பது” என்றால், அவன் பிறப்பதற்கு முன்பும் இந்த ஊரில் கோப்பைகள் ஜெயிக்கப்பட்டன என்று சொல்லுங்கள். பி.டி. ஆசிரியர்கள் இரண்டு பேர் மாறி மாறி அவன் ரன்-அப்பையும் லெதர் பந்துப் பயிற்சியையும் பார்த்துக்கொள்ள முன்வந்தால், வீடியோ எடுத்து அனுப்பும் வேலை என்னுடையது. பிளஸ் டூ பொதுத் தேர்வு முடியும் வரை சென்னைப் பேச்சு வேண்டாம். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க அந்த மதிப்பெண்ணும் வேண்டும். சென்னையில் ஒரு கீழ் டிவிஷன் அணியில் சேர்வதென்றால் தங்க இடமும் சாப்பாடும் வேண்டும். அதை முதல் வருடம் எந்தெந்த அணிகள் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் என்று இப்போதே பேசத் தொடங்கலாம்.

லாட் போடும் அன்று எல்லாத் தலைவர்களும் ஒரே இடத்தில் இருப்பீர்கள். அவன் பந்துகள் குறித்த நோட்டைக் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு அணியும் அவனுக்கு இந்த வருடம் எத்தனை ஓவர் கொடுத்தது என்ற கணக்கை நீங்கள் கொண்டுவாருங்கள். சேர்த்துக் கூட்டிப் பார்ப்போம். ஒன்பதாம் நம்பர் பவுலிங் ஷூ ஒரு ஜோடிக்கு நான் பணம் போடுகிறேன். அவனுக்கு வருடத்துக்கு இரண்டு ஜோடி தேவைப்படும்.

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதும் அண்ணன்
செஞ்சி